டி.என்.ஏ. இடஞ்சுழியாகச் சுற்றிய கர்ப்பகால வகுப்பு: ஒரு விலங்கியல் டீச்சரின் ரிவ்யூ

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். பிசியோதெரபிக்கு 5-க்கு 5. சாப்பாட்டு ஆலோசனைக்கு 4. ‘எபிஜெனெடிக்ஸ்’ (எந்த ஜீன் பேசும், எது மௌனமாக இருக்கும் என்று காட்டுகிற குறிகளைப் பற்றிய அறிவியல்) என்று பெயர் போட்டு ஒன்றரை மணி நேரம் நடத்தினார்களே, அதற்கு அரை மதிப்பெண், அந்த அரையும் ஏசி நன்றாக வேலை செய்ததற்காக. இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. அண்ணா நகர் பக்கம், இரண்டாவது மாடி, அவ்வளவு போதும். இதே மாதிரி வகுப்புகள் ஊர் முழுக்க முளைத்திருக்கின்றன, மடிப்பாக்கத்தில் ஒரு போர்டு பார்த்தேன், போரூரில் ஒன்று பார்த்தேன், ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டி என்ன ஆகப் போகிறது.

நான் 31 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மகளுக்கு இது முதல் பிரசவம். ஐந்து மாதம் முடிந்ததும் ஆபீஸ் தோழி யாரோ சொன்னாள் என்று எட்டு வாரப் பேக்கேஜுக்கு 14,000 ரூபாய் ஜிபே பண்ணிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமையும் வேலை. ஆகவே துணைக்கு நான்.

போன முதல் நாளே லிஃப்ட் ஓடவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு பதினைந்து பெண்கள் இரண்டு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாத்ரூம் ஒன்றே ஒன்று, கர்ப்பிணிகளுக்கான இடத்தில் பாத்ரூம் ஒன்று என்று திட்டம் போட்டவர் கண்டிப்பாக ஆண்பிள்ளைதான். மற்றபடி இடம் சுத்தம். யோகா பாய், பெரிய ஜிம் பந்து, சுவரில் ஆளுயர ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் ஒரு கர்ப்பிணி கண்ணை மூடிச் சிரிக்கிறாள், அவள் வயிற்றிலிருந்து பொன்னிறத்தில் டி.என்.ஏ. ஏணி கிளம்பி மேலே போகிறது. கீழே ‘எபிஜெனெடிக்ஸ் மூலம் ஏழு தலைமுறையைச் செதுக்குங்கள்’.

அந்த ஏணி இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. நம் செல்லுக்குள் இருக்கிற டி.என்.ஏ. வலஞ்சுழி. வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்க்ரூ ஆணியை நிமிர்த்திப் பிடித்தால் மரை எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம். இடஞ்சுழி வடிவமும் உண்டு, ஆனால் அது அபூர்வம், பொன் முலாம் பூசி வயிற்றுக்கு மேலே பறக்கிற அளவுக்கு இல்லை. சின்ன விஷயம்தான். ஆனால் பரீட்சைத் தாள் திருத்திய கை, சும்மா இருக்காது. அப்போதே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண், முப்பது கூட இருக்காது. படுக்கையிலிருந்து நேராக எழக்கூடாது, ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, கால்களைத் தொங்கப் போட்டு எழ வேண்டும் என்று ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகச் செய்ய வைத்தார். தும்மல் வரும்போது இடுப்புத் தளத் தசையை எப்படிப் பிடிப்பது, பந்தின் மேல் உட்கார்ந்து எப்படி அசைவது, வலி வரும்போது மூச்சை எங்கே விடுவது. என் மகளுக்கு மூன்று வாரமாக இருந்த இடுப்பு வலி, தலையணையைக் கால்களுக்கு நடுவில் வைத்துப் படுக்கச் சொன்னதில் பாதியாகக் குறைந்தது. இதற்கே பாதிப் பணம் தகும். சாப்பாடு பற்றிப் பேச வந்த டயட்டீஷியனும் தேவலை, அவரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

மூன்றாவது வாரம்தான் ‘எபிஜெனெடிக்ஸ் மாஸ்டர்கிளாஸ்’. நடத்தியவரை எல்லோரும் ‘கோச்’ என்றார்கள். நல்ல குரல், நல்ல தமிழ், அபிமன்யுவிலிருந்து ஆரம்பித்தார். வயிற்றுக்குள் இருந்தபடியே சக்கர வியூகத்தை உடைக்கக் கற்றுக்கொண்டானாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் “அம்மா தூங்கிட்டதால வெளியே வர்ற வழி தெரியாம செத்தான், அதையும் சொல்லச் சொல்லும்மா” என்றேன், அவள் சிரித்ததில் கோச் முறைத்தார்.

அதன் பிறகு சொன்னவை இவை: மரபணு உங்கள் கையில் இல்லை, ஆனால் அதன் ஸ்விட்ச் உங்கள் மனசில் இருக்கிறது. நீங்கள் நினைப்பதெல்லாம் குழந்தையின் டி.என்.ஏ.வில் பதிகிறது. ஒரு தடவை கோபப்பட்டால் பதியும், ஒரு தடவை அழுதால் பதியும், அது ஏழு தலைமுறைக்குப் போகும். குழந்தையின் எடை, உயரம், நிறம், புத்தி எல்லாம் அம்மாவின் எண்ணத்தால் வளர்கிறது.

இதில் ‘ஸ்விட்ச்’ என்ற சொல் மட்டும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. மற்றதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று சொல்கிறேன்.

உடம்பில் இருக்கும் எல்லா செல்லிலும், விதிவிலக்கு சிலதைத் தவிர, ஒரே பாடப்புத்தகம்தான், அதாவது ஒரே டி.என்.ஏ. ஈரல் செல்லிலும் அதே புத்தகம், கண் செல்லிலும் அதே புத்தகம். அப்படியானால் ஈரல் எப்படி ஈரலாச்சு? பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் புத்தகத்தில் பென்சிலால் ‘இது முக்கியம்’ என்று கோடு போடுவார்கள், ‘இது வராது’ என்று பெருக்கல் குறி போட்டுத் தள்ளுவார்கள் இல்லையா, அதுதான் எபிஜெனெடிக்ஸ். அச்சடித்த எழுத்து ஒன்று கூட மாறாது. எதைப் படிப்பது எதை விடுவது என்ற குறிகள் மாறும். டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற ஒரு சின்ன வேதித் துணுக்கு, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், போய் ஒட்டிக்கொள்வது இந்தக் குறிகளில் முக்கியமான ஒன்று. பெரும்பாலும் அது ஒட்டிய இடத்தில் ஜீன் வாயை மூடிக்கொள்ளும். இந்தச் சொல்லை 1942-இல் கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் உண்டாக்கினார்.

அம்மா ஒரு புத்தகம், அப்பா ஒரு புத்தகம், இரண்டும் சேர்ந்துதான் கரு. சேர்ந்த சில நாட்களுக்குள் ஒரு வேலை நடக்கிறது: ரப்பரை எடுத்து இரண்டு புத்தகத்திலும் இருந்த பென்சில் குறிகளைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறார்கள். கரு கர்ப்பப்பைச் சுவரில் பதிகிற சமயத்தில் புதுசாகக் குறி போட ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் அந்தக் குழந்தைக்குள்ளேயே நாளைக்குக் கருமுட்டையாகவோ விந்தாகவோ ஆகப் போகிற செல்களில் இன்னொரு தடவை ரப்பர். ஆக ஒரு தலைமுறைக்கு இரண்டு சுற்று அழிப்பு நடக்கிறது. இதையெல்லாம் தாண்டி ஏழு தலைமுறைக்கு ஒரு கோபம் போகுமாம். கோச்சிடம் கேட்டேன். “மேடம், க்வான்டம் லெவல்ல போகும்” என்றார். க்வான்டம் என்று வந்துவிட்டால் அதற்கு மேல் யார் பேசுவது.

ஆனால் ரப்பருக்குத் தப்புகிற பக்கங்களும் உண்டு, எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். மனுஷ டி.என்.ஏ.வில் நூறு ஜீன் போலப் பேனாவால் குறி போட்டவை. ஒன்றில் ‘அப்பா கையெழுத்து’, ஒன்றில் ‘அம்மா கையெழுத்து’. எந்தக் கையெழுத்து என்பதைப் பொறுத்து அந்தப் பிரதி பேசும், அல்லது பேசாது. இதற்கு இம்ப்ரின்டிங் என்று பேர். 1984-இல் எலிக் கருக்களை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு அம்மா பங்கை மட்டும் வைத்துக் கரு செய்து பார்த்தார்கள், இரண்டு அப்பா பங்கை மட்டும் வைத்துச் செய்து பார்த்தார்கள், ஒன்றும் பிழைக்கவில்லை. இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டியிருக்கிறது.

வயிற்றுக்குள் குழந்தையை வளர்க்கிற முக்கியமான புரதங்களில் ஒன்று ஐ.ஜி.எஃப். 2. இந்த ஜீனில் அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும்தான் பேசும், அம்மா பிரதி மௌனம். பக்கத்திலேயே ஹெச். 19 என்று ஒன்று, அது நேர்மாறு, அம்மா பிரதிதான் பேசும். அப்பா பக்கம் ‘வளர், இன்னும் வளர்’ என்கிறது, அம்மா பக்கம் ‘போதும்டா, எனக்கும் உடம்பு வேண்டும்’ என்கிறது, இப்படி ஒரு இழுபறி என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குறி குளறுபடியாகி ஐ.ஜி.எஃப். 2 இரண்டு பிரதியும் பேச ஆரம்பித்தால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிசாகப் பிறக்கும், நாக்கு கூடப் பெரிசாக இருக்கும், அதற்கு பெக்வித்-வீடமன் என்று பெயர். அப்பா பிரதியும் வாயடைத்துப் போனால் சிறுத்துப் பிறக்கும், அது சில்வர்-ரஸ்ஸல். இரண்டும் அபூர்வம். பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. வளர்ச்சிக் கணக்கில் அப்பாவின் கையெழுத்து எவ்வளவு எடை என்று காட்டத்தான் சொல்கிறேன்.

இப்போது வகுப்பறைக்கு வெளியே பாருங்கள். துணைக்கு வந்த கணவன்மார் எல்லாம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘அம்மாக்கள் மட்டும்’ என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. என் மாப்பிள்ளை ஒரே ஒரு சனிக்கிழமை லீவு போட்டு வந்தார், பாவம், அவரையும் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். “என்ன அத்தை, உள்ளே என்ன சொல்லித் தர்றாங்க?” என்று கேட்டார். “உங்க பங்கு ஒண்ணும் இல்லையாம்” என்றேன்.

அடுத்து எலிப் படம். ஸ்லைடில் இரண்டு எலி, ஒன்று மஞ்சள், குண்டு; ஒன்று பழுப்பு, ஒல்லி. ஒரே மரபணு, அம்மா எலி சாப்பிட்டது மட்டும் வேறு, அதனால் குட்டியின் நிறமே மாறிவிட்டது, வகுப்பில் தனியாக விற்கிற நம் ‘கிட்’டும் இதைத்தான் செய்கிறது என்றார் கோச். படம் உண்மை. 2003-இல் அமெரிக்காவில் வாட்டர்லாண்ட், ஜர்ட்டில் என்ற இருவர் செய்த சோதனை. அம்மா எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் என்று மெத்தில் கொடுக்கக்கூடிய சத்துகளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள், பழுப்புக் குட்டிகள் அதிகம் பிறந்தன. ஆனால் இரண்டு விஷயம் ஸ்லைடில் இல்லை. அந்த எலிகளுக்கு நிறத்தைத் தீர்மானிக்கிற ஜீனுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு டி.என்.ஏ. துண்டு சொருகியிருக்கிறது, அதனால்தான் குறி அங்கே அவ்வளவு ஆட்டம் போடுகிறது. உங்களுக்கும் எனக்கும் அது கிடையாது. இரண்டாவது, அந்த உணவை எலி கருத்தரிப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

முன்னாலேயே. இந்த வகுப்பில் ஐந்தாம் மாதம் முடிந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். முதல் மூன்று மாதம் ‘ரிஸ்க்’ என்று வேண்டாம் என்கிறார்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது, பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே சரியாக உறைத்திருக்காது. ஃபோலிக் அமிலம் குழந்தைக்குத் திட்டம் போடும்போதே ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர்கள் கத்துவது அதனால்தான். முதல் குறிகள் போடுகிற நேரமும் அந்த ஆரம்ப நாட்கள்தான். ரயில் அரக்கோணம் தாண்டிய பிறகு சென்ட்ரலில் டிக்கெட் விற்கிறார்கள்.

இடைவேளையில் சுண்டலும் பானகமும். சுண்டல் நன்றாக இருந்தது, தேங்காய் தாராளம். பானகம் எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே இனிப்பு, கூடவே நெய்யில் ஊறிய பேரீச்சம்பழம் மூன்று. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பெண்களுக்கு கர்ப்பகாலச் சர்க்கரை என்று எனக்கே தெரியும், அவர்கள் வாயால் சொன்னார்கள். ‘மூன்றரை கிலோவில் பிள்ளை பெற வேண்டும், நெய் ஏற்றுங்கள்’ என்று கோச் சொன்னதும் அதில் ஒருத்தி இன்னொரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அம்மாவின் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், அம்மாவின் இன்சுலின் போகாது. குழந்தை தன் பங்குக்கு இன்சுலினைச் சுரக்கும், அது கொழுப்பாகச் சேர்க்கும், குழந்தை கொழுகொழுவென்று பெரிசாகும். பார்க்க அழகு. அமெரிக்காவில் பிமா என்ற பழங்குடி மக்களிடம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்குச் சர்க்கரை வருவதற்கு முன்னால் பிறந்தவர்களையும் வந்த பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள், 2000-இல் வெளிவந்தது. பின்னால் பிறந்தவர்களுக்குத்தான் உடல் பருமனும் சர்க்கரையும் அதிகம். அப்பா அம்மா அதே ஆட்கள்தான், வயிற்றுக்குள் இருந்த சூழல்தான் வேறு.

நம் ஊருக்கு இந்தப் பாடம் புதுசே இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரையை எளிதாகக் கண்டுபிடிக்க, வெறும் வயிறாக இருந்தாலும் சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனி என்கிற முறை இருக்கிறதே, அதற்காகப் பல வருஷம் வாதாடியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. என் மகளுக்கு அரசுக் கர்ப்பப் பதிவான ஆர்.சி.எச். எண் வாங்கப் போன நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், மின்விசிறி ஓடாத அறையில், ஒரு நர்ஸம்மா அந்தக் குளுக்கோஸ் தண்ணீரைக் கையில் கொடுத்து “ஒரே மடக்குல குடிச்சிராத கண்ணு, வாந்தி வரும், அஞ்சு நிமிஷம் எடுத்துக்க” என்று பக்கத்திலேயே நின்றார். காசு கிடையாது. கிளம்பும்போது இரும்புச் சத்து, ஃபோலிக் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். கர்ப்பத்தில் குழந்தை ஒழுங்காக வளர இதைவிட நேரடியான சேவையை அந்த ஏசி அறையில் நான் பார்க்கவில்லை.

மூன்றரை கிலோ கதைக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1990-களிலிருந்து கிராமத்துத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். நம் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ போலப் பிறக்கின்றன, இங்கிலாந்துக் குழந்தைகள் மூன்றரைக்குப் பக்கம். ஆனால் நம் குழந்தைகளுக்குக் குறைவது தசைதான், தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ‘ஒல்லி-குண்டு’க் குழந்தை என்று இதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. அதாவது தராசில் எண்ணைக் கூட்டுவது ஒன்று, குழந்தை எதனால் ஆனது என்பது வேறு. நெய்யை ஏற்றினால் எது கூடும் என்று நீங்களே யோசியுங்கள்.

இங்கே டயட்டீஷியனைப் பாராட்ட வேண்டும். அடுத்த வாரம் வந்தவர், கோச் சொன்னதை எதிர்க்கவும் இல்லை, வழிமொழியவும் இல்லை, நைசாகத் திருத்தினார். பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதத்தில் ஆரம்பித்தார். சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12 டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், ஃபோலிக் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு பி12 குறைவாக இருந்தால் சரியில்லை என்றார். அதே புனே ஆய்வில் வந்த விஷயம்தான்: ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயசில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மை அதிகம் தெரிந்தது. மெத்தில் குறி ஒட்ட வேண்டிய சரக்கை உடம்பு தயாரிக்கிற பாதையில் ஃபோலேட்டும் பி12-உம் ஜோடி போட்டு வேலை செய்கின்றன, ஒன்று இல்லாமல் இன்னொன்றைக் கொட்டிப் பிரயோஜனமில்லை. அவர் இதை எபிஜெனெடிக்ஸ் என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. கேட்கவந்த பெண்களில் பாதிப்பேர் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், கடைசியில் குங்குமப்பூ போட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா என்று ஒருத்தி கேட்க, ‘சிலர் சொல்றாங்க’ என்று நழுவிவிட்டார். பிறக்காதும்மா. பாயசத்துக்கு நிறம் வரும்.

சரி, நான் இந்த ரிவ்யூ எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

அந்த மாஸ்டர்கிளாஸ் நடந்த ராத்திரி பதினொன்றரை இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன், ஹாலில் விளக்குப் போடாமல் மகள் உட்கார்ந்திருக்கிறாள். என்னம்மா என்றேன். “அம்மா, நாலாவது மாசம் ஆபீஸ்ல டீம் மாத்தினப்ப ஒரு வாரம் அழுதுட்டே இருந்தேனே, அது பதிஞ்சிருக்குமா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி அழுகை, அழுதுவிட்டோமே என்று அதற்கும் அழுகை. 14,000 ரூபாய் கொடுத்து இதை வாங்கி வந்திருக்கிறாள்.

விளக்கைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு நான் சொன்னது கனடாக் கதை. 1998 ஜனவரியில் கியூபெக் பக்கம் பனிமழை பெய்து மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து, கொட்டுகிற குளிரில் சில வீடுகளில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்தச் சமயத்தில் கர்ப்பமாக இருந்தவர்களையும், அதற்குப் பிறகு சீக்கிரமே கருத்தரித்தவர்களையும் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்து இரண்டு கேள்வி வகை கேட்டார்கள். ஒன்று, நிஜமாக என்ன நடந்தது: எத்தனை நாள் கரண்ட் இல்லை, வீட்டை விட்டுப் போக வேண்டி வந்ததா, நஷ்டம் எவ்வளவு. இன்னொன்று, உங்கள் மனசு எப்படி இருந்தது: பயந்தீர்களா, தூக்கம் கெட்டதா. பிள்ளைகளுக்கு 13 வயசானபோது 36 பேரின் ரத்தத்தை எடுத்து மெத்தில் குறிகளைப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. நிஜமாகப் பட்ட கஷ்டத்தின் அளவோடு குறிகள் ஒத்துப் போயின. அம்மாவின் மனசு பட்ட பாட்டோடு ஒத்துப் போகவில்லை. 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்து யாரும் கோயில் கட்ட வேண்டாம். ஆனால் ‘நீ அழுதால் பதியும்’ என்று ஒரு அறையில் உட்கார்ந்து பதினைந்து பெண்களிடம் சொல்வதற்கு முன்னால் இதைப் படித்திருக்கலாம் இல்லையா?

“நம்ம வீட்டில் 2015 டிசம்பர் வெள்ளத்தப்ப அஞ்சு நாள் கரண்ட் இல்லையே, அது மாதிரியா?” என்றாள். அது மாதிரிதான், ஆனால் மைனஸ் டிகிரியில் என்றேன். கொஞ்சம் சிரித்தாள்.

ஹாலந்துப் பஞ்சத்தையும் சொன்னேன். இந்தத் துறையில் யார் வாயைத் திறந்தாலும் முதலில் வருவது அதுதான், கோச் கூட ஒரு ஸ்லைடு வைத்திருந்தார், ஆனால் தலைகீழாக. இரண்டாம் உலகப் போர் முடியப் போகிற சமயம், 1944 நவம்பரிலிருந்து 1945 மே வரை, ஜெர்மானியப் படை ஹாலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் அடைத்தது. ரேஷன் ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்குக் கீழே போய், மோசமான வாரங்களில் அதிலும் பாதி. அறுபது வருஷம் கழித்து, அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களின் கூடப்பிறந்த அண்ணன் தம்பி அக்கா தங்கையோடு ஒப்பிட்டார்கள். அதே ஐ.ஜி.எஃப். 2 ஜீனில் மெத்தில் குறி கொஞ்சம் குறைவு, ஐந்து சதவீதம் போல. 2008-இல் வந்த ஆய்வு. இதில் என்னை ஒவ்வொரு தடவையும் உட்கார வைக்கிற இடம் இது: கருவான சமயத்தில் பஞ்சம் பட்ட இவர்கள் பிறக்கும்போது எடை குறைவாக இல்லை. பிரசவத்துக்கு முன்னால் கடைசி மாதங்களில் பஞ்சம் பட்டவர்கள்தான் இளைத்துப் பிறந்தார்கள், ஆனால் அவர்களிடம் அந்தக் குறி மாறவில்லை. தராசு ஒன்று சொல்கிறது, குறி வேறொன்று சொல்கிறது.

கோச் இதை ‘பயத்தில் இருந்த அம்மாக்களின் எண்ணம் பதிந்தது’ என்று சொன்னார். அந்த அம்மாக்களுக்குக் குறைந்தது ரொட்டியும் உருளைக்கிழங்கும். எண்ணத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அவர்களை யார் கேட்பது? சாப்பாட்டை அடைத்தவனைத்தான் கேட்க வேண்டும். நம் ஊரில் 1877 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்ட விட்டுத் தோண்டிய பக்கிங்ஹாம் கால்வாயின் சென்னைப் பகுதி இன்றைக்கும் பறக்கும் ரயிலுக்கு அடியில் நாறிக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கூலிப் பெண்களில் எத்தனை பேர் வயிற்றில் பிள்ளையோடு வெட்டினார்களோ. ஹாலந்துக்காரர்களிடம் ரேஷன் கணக்கும் பிரசவ ரிஜிஸ்டரும் இருந்ததால் அறுபது வருஷம் கழித்துத் தேட முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொன்னேன் மகளிடம், அதைக் கேட்டுத்தான் தூங்கப் போனாள். பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. இப்போது அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பாதி ஆன அந்த முட்டை, 1995-இல் என் வயிற்றுக்குள் உண்டானது. அந்த வருஷம் எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்து, உன் பாட்டியோடு சண்டை போட்டு, நான் அழாத நாளே இல்லை, நீ என்ன குறைந்து போய்விட்டாய் என்றேன்.

அழுகை ஓயாமல், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் அது வேறு விஷயம், டாக்டரிடம் போக வேண்டும், குழந்தையின் டி.என்.ஏ.வுக்காக அல்ல, அம்மாவுக்காக.

கிட் பற்றி. 3,800 ரூபாய் தனி. பிரித்துப் பார்த்தால் ஒரு செம்பு டம்ளர், சின்ன நெய் பாட்டில், பாட்டு ஏற்றிய பென் டிரைவ், வயிற்றில் கட்டிக்கொள்கிற ஹெட்போன் பெல்ட். குழந்தைக்கு ஆறாவது மாதம் வாக்கில் காது கேட்க ஆரம்பிக்கிறது, அம்மா பேசுவது உடம்பு வழியாகவே போய்ச் சேர்கிறது. வளைகாப்பு வளையல் சத்தமும் கேட்கும்தான், அது கிலுகிலுவென்று இருக்கட்டும், அதற்கு ஜீனை ஆன் பண்ணுகிற வேலையைக் கொடுக்காதீர்கள். வயிற்றுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. அந்தப் பெல்ட்டை மாப்பிள்ளை இப்போது இடுப்பில் கட்டிக்கொண்டு டவர் பார்க்கில் வாக்கிங் போகிறார்.

இதற்கு மேல் ‘எபிஜெனெடிக் ஸ்கோர்’ என்று ஒரு டெஸ்ட், 9,500 ரூபாய். அம்மாவின் எச்சிலை எடுத்து அனுப்பினால் குழந்தையின் ‘திறன்’ சதவீதமாக வருமாம். கூட வந்த ஒரு பெண் எடுத்தாள், 72 சதவீதம் என்று மூன்று பக்க ரிப்போர்ட், கலர் வட்டம் எல்லாம் போட்டு. மீதி 28 எங்கே போச்சு என்று அந்தப் பெண் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். மெத்தில் குறி ஒவ்வொரு உறுப்பிலும் வேறு வேறு என்றுதான் ஆரம்பத்தில் பாடப்புத்தகக் கதை சொன்னேன். அம்மாவின் எச்சிலில் இருக்கிற செல்கள் அம்மாவின் வாயைப் பற்றிச் சொல்லும், வயிற்றுக்குள் இருக்கிற இன்னொரு ஆளைப் பற்றி எப்படிச் சொல்லும்? எந்த ஜீனில் எந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்று வரவேற்பில் கேட்டேன். “அதெல்லாம் சயின்டிஸ்ட் டீம் பாத்துக்குவாங்க மேடம்.” குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்க்க டாக்டர் எழுதித் தருகிற க்ரோத் ஸ்கேன் இருக்கிறது, வயிற்றை டேப் வைத்து அளக்கிற பழைய முறை இருக்கிறது. அவை சதவீதம் கொடுக்காது, சென்டிமீட்டர் கொடுக்கும்.

உண்மையிலேயே பிறந்த குழந்தையின் ரத்தத்தில் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்த ஒரு குறி எது தெரியுமா? புகை. கர்ப்பத்தில் அம்மா சிகரெட் பிடித்திருந்தால் தொப்புள்கொடி ரத்தத்தில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற ஜீனில் மெத்தில் குறி குறைந்திருப்பதைப் பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். எட்டு வாரத்தில் புகையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வராந்தாவில் இருந்து அவ்வப்போது கீழே இறங்கிப் போய்விட்டு வந்த கணவன்மார்களிடம் சொல்லியிருந்தால் கூட ஒரு பிரயோஜனம், ஒரு பைசா செலவில்லை.

நாலாவது வாரமே பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முடியாது, பேக்கேஜ் என்றார்கள். பேசிப் பேசி, மிச்சமிருந்த இரண்டு ‘மாஸ்டர்கிளாஸு’க்குப் பதிலாக இரண்டு பிசியோ வகுப்பு கூடுதலாகக் கொடுத்தார்கள், கிட்டுக்கான பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாததைக் காட்டிய பிறகு. அந்தப் பேரம் எனக்குச் சரிதான். கோச்சிடம் தனியாகப் போய், அழுகை பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏணி தப்பாகச் சுற்றுகிறது என்பதையும் சொல்லி, பேனா மூடியில் நூலைச் சுற்றிக் காட்டினேன். “சூப்பர் மேடம், நோட் பண்ணிக்கிறேன்” என்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை போனபோது புது ஃப்ளெக்ஸ். ஏணி வலப்பக்கம் சரியாகச் சுற்றுகிறது. கீழே ‘ஏழு தலைமுறை’ அப்படியே இருக்கிறது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. பிசியோ மட்டும் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், வகுப்புக்கு 600 என்று வாங்குகிறார்கள், போர்டில் போட மாட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி பேட்ச், அந்தப் பெண்தான் வருவார். ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள், பானகத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.